ட்ரெவெனாவின் கட்டைவிரல்

அன்று காலை சிவப்பு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது.

அது அரியரத்தினத்தின் கண்ணில் பட்டது. ஆனால் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. உருக்கு உலை இரைந்துகொண்டிருந்தது. இரும்புக் குழம்பு நிறைந்த லேடில் வாளியைத் தூக்கிக்கொண்டு கிரேன் ஏற்கெனவே நகர ஆரம்பித்திருந்தது. சிவப்பு இருந்தால் போதும். எவ்வளவு சிவப்பு என்று ட்ரெவெனா அண்ட் மக்ரே கம்பெனியில் நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் கேட்டதில்லை.

"என்ன பழனி, வேலைக்குப் புதுச் சட்டையோ?"

லேடிலின் சக்கரத்தைப் பிடித்து நின்ற பழனிசாமி, தோல் ஏப்ரனை விலக்கிச் சட்டைக் காலரைக் காட்டினான். "ஆயுத பூஜைங்கண்ணா. பீளமேட்டுல இருந்திருந்தா இன்னிக்கு மிசினுக்கெல்லாம் லீவு. பொரி, சுண்டல்னு அமர்க்களமா இருக்கும். இங்க பாருங்க, கொதிக்கிற இரும்பு முன்னாடி புதுச் சட்டை போட்டுட்டு நிக்கறேன்."

"அப்ப சுண்டல் எங்கை?"

"மத்தியானத்துக்கு வூட்டுக்காரி கட்டியிருக்கா. உங்களுக்கும் சேத்துத்தான். கடலை வேகலைன்னா என்னைத் திட்டப்படாது. இந்த ஊர்க் கடலை என்ன பண்ணினாலும் வேக மாட்டேங்குது."

"உம்மடை மனுசியின்ரை சமையலுக்குக் கடலையிலை பழி போடாதையும்."

பழனிசாமி சிரித்தான். அரியரத்தினம் தரையில் நின்ற பெரிய இரும்புப் பெட்டியின் பக்கவாட்டை இன்னொரு முறை பார்த்தான். உள்ளே மண்ணால் செய்த அச்சு. வெளியே, கட்டைவிரல் அகலத்தில் ஓர் அடையாளம். சிவப்பு.

வலது கையை உயர்த்தினான். இறக்கினான்.

பழனிசாமி சக்கரத்தைத் திருப்பினான். வெள்ளை ஒளியாக இரும்பு பெட்டியின் வாய்க்குள் இறங்கியது.

முதலில் வந்தது வெடிச்சத்தம் இல்லை. ஒரு விக்கல். பெட்டிக்குள்ளிருந்து யாரோ விக்கியதுபோல ஒரு சத்தம். பழனிசாமி தலையைத் தூக்கி அரியரத்தினத்தைப் பார்த்தான். பல வருஷம் மண்ணோடு பழகியவனுக்கு அந்த விக்கலின் அர்த்தம் தெரியும்.

"அண்ணா, ஓடு..."

அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. பெட்டியின் மேல் பாதி கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. உருகிய இரும்பு மழையாகத் திரும்பி வந்தது.

புகை அடங்கியபோது, புதுச் சட்டை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே அங்கே இல்லை.

*

கட்டைவிரல் அளவு மண் எப்படி ஒரு மனிதனின் உயிருக்குப் பொறுப்பேற்றது என்பதைச் சொல்ல, கதையை 1858-க்கு ஓட்ட வேண்டும்.

ஜேகோ ட்ரெவெனா இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தங்கம் தேடி ஆஸ்திரேலியாவுக்கு வந்தவன். பல்லராட் தங்க வயலில் அவனுக்குக் கிடைத்தது சேறும் வயிற்றுப்போக்கும். ஆனால் அவனுக்கு இரும்பை உருக்கி வார்க்கத் தெரியும். டங்கன் மக்ரே கிளாஸ்கோக்காரன். வார்த்த இரும்பைக் கடைந்து, துளைத்து, பூட்டி, ஓடுகிற இயந்திரமாக்கத் தெரிந்தவன். இருவரும் கூட்டுச் சேர்ந்து மெல்பர்னுக்கு மேற்கே, ஃபுட்ஸ்க்ரேயில், மரிபர்னாங் ஆற்றங்கரையில் கொட்டகை போட்டார்கள். தங்கப் பாறையை இடித்துப் பொடியாக்கும் இயந்திரங்கள், சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்புகள். தங்கம் தோண்டியவர்கள் பலர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். தோண்டுகிறவர்களுக்கு இயந்திரம் விற்ற இந்த இருவரும் கல்வீடு கட்டினார்கள்.

மூன்றாவது வருஷம் ஒரு பெரிய நீராவி சிலிண்டருக்கு ஆர்டர் வந்தது. சுரங்கக்காரன் அவசரப்பட்டான். மண் அச்சைச் சூளையில் வைத்து ஈரம் போகச் சுட வேண்டும். ஈரம் துளி மிச்சமிருந்தாலும், உருகிய இரும்பு பட்டதும் அது நீராவியாகி வெடிக்கும். ட்ரெவெனா பெட்டியைத் தட்டிப் பார்த்தான். காது வைத்துக் கேட்டான். "காய்ந்துவிட்டது, ஊற்று" என்றான்.

காயவில்லை. ஊற்றுவாயில் நின்றவன் மக்ரேயின் தம்பி ஈவன். வயது இருபது.

மக்ரே அழவில்லை. கூட்டையும் முறிக்கவில்லை. முறித்தால் இருவருமே பட்டினி; ஒருவனுக்கு வார்க்க வராது, மற்றவனுக்குக் கடைய வராது. அவன் ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். "உன் காதை இனி நான் நம்ப மாட்டேன். என் கண்ணால் பார்த்துத்தான் நம்புவேன்."

ஆற்று வளைவில் மஞ்சள் காவிமண் கிடைக்கும். நல்ல சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அது சிவந்துபோகும். சூடு குறைந்தால் மஞ்சளாகவே இருக்கும். பெட்டி சூளைக்குள் போவதற்கு முன்னால் ட்ரெவெனா வெல்லப்பாகில் குழைத்த அந்த மண்ணைக் கட்டைவிரலால் தொட்டு, பெட்டியின் பக்கத்தில் ஓர் ஒற்று ஒற்ற வேண்டும். சூளையிலிருந்து வெளியே வந்த பிறகு அவன் அந்த அடையாளத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதைப் பார்க்கிற உரிமை மக்ரேக்கு மட்டும். சிவந்திருந்தால் கையை உயர்த்தி இறக்குவான். மஞ்சளாக இருந்தால் பெட்டி திரும்பச் சூளைக்குப் போகும். பேச்சே வேண்டாம்.

பேசவும் இல்லை. ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் ஒரு குமாஸ்தாவை வைத்து, "மிஸ்டர் ட்ரெவெனாவிடம் சொல்", "மிஸ்டர் மக்ரேயிடம் கேள்" என்றே இரண்டு பேரும் கிழவர்களானார்கள். செத்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள், பேரன்கள் வந்தார்கள். கம்பெனி டிராம் சக்கரம் வார்த்தது, இரண்டு உலகப் போர்களுக்கும் குண்டு வார்த்தது. கடைசியில் இரண்டு குடும்பங்களும் பங்கை சிட்னிக்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போயின. வாசல் வளைவில் இரும்பெழுத்தில் பெயர் மட்டும் மிஞ்சியது.

கூடவே அந்த வழக்கமும் மிஞ்சியது. கட்டைவிரல் வைப்பவன் 'ட்ரெவெனாவின் ஆள்'. கை காட்டுபவன் 'மக்ரேயின் ஆள்'. அடையாளத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது.

1970-களில், வெள்ளையரல்லாதவர்களுக்கு நாட்டின் கதவு திறந்த கையோடு வந்து சேர்ந்தார்கள் இவர்கள். பீளமேட்டுப் பவுண்டரிகளில் மண் இடித்து வளர்ந்த பழனிசாமி ட்ரெவெனாவின் ஆளானான். பேராதனையில் பொறியியல் படித்து, யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டை விற்றுவிட்டு வந்த அரியரத்தினம் மக்ரேயின் ஆளானான். அந்தத் தொழிற்சாலையில் தமிழ் பேசிய ஆண்கள் இவர்கள் இரண்டு பேர்தான். விலைவாசி பேசினார்கள், கிரிக்கெட் பேசினார்கள், மல்லி எந்தக் கடையில் கிடைக்கும் என்று பேசினார்கள்.

அடையாளத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. அது வழக்கமில்லை.

*

பறந்த மேல் பெட்டி பின்முற்றத்துச் சேற்றில் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் அதன்மேலும் தண்ணீர் பீய்ச்சியிருந்தார்கள். மூன்றாம் நாள் மானேஜர் ஹாலம் அரியரத்தினத்தை அங்கே கூட்டிப்போனார். கூடவே ஒரு போலீஸ்காரரும் வந்தார்.

"இது என்ன நிறம், ஆரி?"

அரியரத்தினம் குனிந்தான். அடையாளம் இருந்தது. பழனிசாமியின் கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது.

மஞ்சள்.

"இது... சிவப்பாக இருந்தது."

"நான் கேட்டது, இப்போது என்ன நிறம்?"

"மஞ்சள்."

"சூளையில் ஒரு பக்கத்துப் பர்னர் இரவில் அணைந்துபோயிருக்கிறது. முனை அடைப்பு. அது விபத்து" என்றார் ஹாலம். "பர்னர் அணையலாம் என்றுதான் அந்தக் காலத்துக் கிழவர்கள் இந்த வழக்கத்தை வைத்தார்கள். மஞ்சள் தெரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டியது உன் வேலை. நீ கை காட்டினாய்."

"சிவப்பைப் பார்த்துத்தான் காட்டினேன்."

"சிவந்த காவி திரும்ப மஞ்சளாகுமா? நீ படித்தவன், சொல்."

ஆகாது. அது அவனுக்கும் தெரியும். போலீஸ்காரரிடம் மறுபடியும் 'சிவப்பு' என்றே சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவர் அவன் முகத்தைப் பார்த்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

சன்ஷைன் பகுதியில் அரியரத்தினத்தின் வாடகை வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. மனைவி சிவனேஸ்வரி குசினிக் கதிரையில் அமர்ந்து அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"கவனக்குறைவு எண்டு தீர்த்தால் என்ன செய்வாங்கள்?"

"வழக்குப் போடுவாங்கள். வந்து ரெண்டு வரியமும் ஆகேல்லை. குற்றவாளி எண்டால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"எங்கை திரும்பிப் போறது? வீட்டையும் வித்துப் போட்டம்."

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

"இஞ்சருங்கோ. நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையுங்கோ. நீங்கள் வடிவாக் கண்டனீங்களே? இல்லாட்டி... ஒவ்வொரு நாளும் சிவப்புத்தானே எண்டு பாக்காமலே கையைக் காட்டிப் போட்டியளோ?"

"கண்டனான்."

"உண்மையாவோ?"

"கண்டனான் எண்டு சொல்லுறன்!"

கத்திய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, அது கோபம் இல்லை என்று. பயம். வழக்கையும் நாடு கடத்தலையும் நினைத்து வந்த பயமல்ல. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பழனியின் சட்டையைக் கிண்டல் செய்துகொண்டே ஒரு நொடி பார்த்த பார்வை அது. மனம் எதிர்பார்த்ததைக் கண் பார்த்துவிட்டதோ? மஞ்சளைப் பார்த்துச் சிவப்பு என்று நினைத்துவிட்டானோ? அப்படியானால் பழனியைக் கொன்றது அவன் கைதான்.

அதற்குப் பதில் தெரியாமல் அவனால் சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த விக்கல் கேட்டது.

*

மரண விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சிவனேஸ்வரி கட்டிக்கொடுத்த இடியாப்பத்தையும் சொதியையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பிரேப்ரூக்குக்குப் போனான். பழனிசாமியின் மனைவி மீனாம்பாள் கதவைத் திறந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"வாங்கண்ணா. அக்கா வரலீங்களா?"

"அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை." பொய். அழுது அழுது சிவனேஸ்வரியின் முகம் வீங்கியிருந்தது.

சாமான்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கிடந்தன. விசாரணை முடிந்ததும் கோயமுத்தூருக்குப் போகிறாளாம். அண்ணன் டிக்கெட் அனுப்பியிருக்கிறான். அவள் காபி கலக்கப் போனபோது அரியரத்தினம் சாமிப் படத்தின் முன்னால் இருந்த சின்னப் பித்தளைச் சிமிழைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறெங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அண்டைக்குக் காலமை பழனி ஏதும் சொன்னவரோ, தங்கச்சி? பெட்டியைப் பற்றி, சூளையைப் பற்றி..."

"அவரு வூட்ல வந்து வேலையைப் பத்திப் பேசவே மாட்டாருங்கண்ணா. அன்னிக்குச் சண்டைதான் போட்டோம்."

"சண்டையோ?"

"ஆயுத பூஜைங்க. ஊர்ல அவரு பவுண்டரியில மிசினு, பெட்டி, மம்முட்டின்னு ஒண்ணுவிடாம சந்தனம், குங்குமம் வெப்போமுங்க. நாந்தான் உங்க கம்பெனியிலயே கோர் ஷாப்புல மண்ணு பிடிக்கிற வேலைக்குச் சேந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலியே, இந்த வருசம் அங்கயே வெச்சரலாம்னு சொன்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டாரு. வெள்ளைக்காரங்க சிரிப்பாங்க, வூட்லயே கும்பிடுன்னாரு." அவள் தம்ளரை நீட்டினாள். முகத்தில் முதன்முறையாக ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. "ஆனா பாருங்கண்ணா, அவரு திருட்டுத்தனம்! நான் கேக்காம சிமிழைக் கொண்டுட்டுப் போயிட்டனுங்க. விடிகாலையில யாரும் வரதுக்கு முன்னாடி அவரு மண்ணு இடிக்கிற கட்டைக்கு வெக்கலாம்னு பின்னாடி போய்ப் பாத்தா, சூளையில இருந்து வெளிய எடுத்து வெச்சிருந்த அந்தப் பெரிய பெட்டிக்கு அவரே சந்தனம் வெச்சிருக்காருங்கண்ணா!"

தம்ளர் அரியரத்தினத்தின் கையில் சுட்டது. அவன் கீழே வைக்கவில்லை.

"சந்தனம்?"

"ஆமாங்க. கட்டைவிரல்ல எடுத்து வட்டமா, அழகா. எங்கிட்ட வேண்டாம்னு சொல்லிப்போட்டு அவரு மட்டும் வந்து வெச்சிருக்காரு! எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. குங்குமம்தான் வெக்கல. சிமிழு எங்கிட்ட இருக்கும்போது அவரு எப்படி வெப்பாரு? வெறும் சந்தனத்தோட விட்டா மூளியா இருக்குமுங்களே. நாந்தான் மேல குங்குமம் வெச்சேன். சந்தனமே தெரியாத அளவுக்குப் பெரிசா வெச்சேன். பேரூர்க் கோயில் குங்குமம். மத்தியானம் சோறு சாப்பிடையில சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தனுங்கண்ணா."

அவள் சிமிழைத் தொட்டுப் பார்த்தாள்.

"மத்தியானமே வரலீங்களே."

மழை ஜன்னலில் வழிந்தது. அரியரத்தினத்தின் தலைக்குள் அன்றைய சிவப்பு மறுபடி எழுந்தது. வழக்கத்தைவிடச் சற்று அதிகமான சிவப்பு. சுட்ட காவி செங்கல் நிறம். அன்று பார்த்தது செங்கல் நிறமில்லை.

ட்ரெவெனாவின் ஆள் தன் அடையாளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. மக்ரேயின் ஆள் சிவப்பைப் பார்த்தான். அடையாளத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிறகு தண்ணீர் பீய்ச்சினார்கள். பொடிக் குங்குமம் கரைந்து ஓடியது. பாகில் குழைத்த மஞ்சள் ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்கண்ணா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? காப்பி கசக்குதுங்களா?"

"இல்லை, தங்கச்சி. நல்லாயிருக்கு."

"சாமி கும்பிட்ட அன்னிக்கே இப்படி ஆகணுங்களா? நான் வெச்சதுல ஏதாச்சும் குறை இருந்திருக்குமோன்னு தெனமும் ரோசனை பண்ணுறேன்."

"உங்களிலை ஒரு குறையும் இல்லை" என்றான் அவன்.

பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு முதலில் லேசானது. கண்டேன், உண்மையாகவே கண்டேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கல்லாகக் கனத்தது. ஒரே ஒரு வரி. 'அவள் குங்குமம் வைத்தாள்.' அதை நீதிமன்றத்தில் சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம். புருஷனைக் கொன்றது தான் வைத்த குங்குமம்தான் என்று தெரிந்தால் அவள் எங்கே போவாள்?

"ஏதும் தெரிஞ்சுதோ?" என்று வாசலிலேயே கேட்டாள் சிவனேஸ்வரி.

"ஒண்டுமில்லை."

*

மரண விசாரணை மன்றத்தில் முதல் சாட்சி மீனாம்பாள். இந்தியப் பெண் என்றதும் அவர்கள் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். கோட் போட்ட ஒரு பெரியவர் எழுந்து ஹிந்தியில் ஏதோ கேட்டார். மீனாம்பாள் அவரைப் பார்த்து விழித்தாள். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார்.

"சத்தமாகக் கேட்டால் மொழி மாறாது" என்றார் விசாரணை அதிகாரி எரிச்சலோடு. "இந்தப் பெண்மணியின் மொழி தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா?"

இருந்தது இரண்டே பேர். ஒருவன் குற்றம் சுமத்தப்படப் போகிறவன். மற்றவள் அவன் மனைவி. கம்பெனி வக்கீல் தோளைக் குலுக்கினார். "குடும்ப விவரம் சொல்லும் சாட்சிதானே. எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

சிவனேஸ்வரி சத்தியம் செய்து, மீனாம்பாளின் பக்கத்தில் நின்றாள்.

பெயர், ஊர், கல்யாணம் ஆன வருஷம். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார்: "அன்று காலை வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா?"

சிவனேஸ்வரி தமிழில் கேட்டாள். மீனாம்பாள் சொன்னாள். பூஜை, சண்டை, சிமிழ், பெட்டி, அவர் திருட்டுத்தனமாக வைத்த சந்தனம், மேலே தான் வைத்த குங்குமம். அரியரத்தினத்திடம் சொன்ன அதே வார்த்தைகள். முடிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மன்றத்தில் அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் புரிந்தது.

சிவனேஸ்வரியின் முகத்தில் நிறம் மாறுவதை அரியரத்தினம் பார்த்தான். முதலில் திகைப்பு. பிறகு வெளிச்சம். அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் பளபளத்தன. 'கண்டனீங்கள்! உண்மையாவே கண்டனீங்கள்!' என்று அந்தக் கண்கள் கூவின. அதிகாரியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அவர் சொல்கிறார்..."

அரியரத்தினம் தலையை அசைத்தான். யாரும் கவனிக்காத சின்ன அசைவு. வேண்டாம்.

அவள் நின்றாள். அவனைப் பார்த்தாள். பக்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். இந்த முறை கண்ணில் வெளிச்சம் இல்லை, கோபம் இருந்தது. அப்படி ஒரு கோபத்தை அவளிடம் அவன் அதுவரை பார்த்ததில்லை. சிமிழ், குங்குமம், பெட்டி. மூன்று வார்த்தைகள் அவள் நாக்கு நுனியில் நின்றன. அவற்றைச் சொன்னால் புருஷன் பிழைப்பான்.

"சொல்லுங்கள்" என்றார் அதிகாரி.

"அன்று காலையில் அவர் சாமி கும்பிட்டாராம். வழக்கம்போல."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அவ்வளவு நீளமாகப் பேசினாரே. இவ்வளவுதானா?"

"எங்கள் சாமிகள் நிறையப் பேர், ஐயா" என்றாள் சிவனேஸ்வரி. பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவள் கைப்பிடிக் கட்டையை இறுகப் பற்றியிருந்தாள்.

அடுத்த சாட்சி அரியரத்தினம். சேறு காய்ந்த பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினார்கள்.

"போலீஸ் வாக்குமூலத்தில் சிவப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள்" என்றார் கம்பெனி வக்கீல். "இது மஞ்சள். சிவந்த காவி மஞ்சளாக மாற வழி ஏதும் உண்டா?"

"இல்லை."

"அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது? யாராவது பூசினார்களா?"

மீனாம்பாள் தன் இடத்தில் உட்கார்ந்து, புரியாத பேச்சைப் புரிந்துகொள்ள முயல்கிறவள்போல அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் பூசவில்லை" என்றான் அரியரத்தினம். "நான் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன். பார்க்காமலே கை காட்டினேன். பயத்தில் சிவப்பு என்று சொன்னேன்."

ஹாலம் பெருமூச்சு விட்டார். வக்கீல் உட்கார்ந்தார். இனிக் கேட்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

பிற்பகலிலேயே முடிவு வந்துவிட்டது. மரணத்துக்குக் காரணம், அச்சைச் சோதிக்க வேண்டியவரின் கடுமையான கவனக்குறைவு. வழக்குத் தொடுப்பது குறித்து அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பாஸ்போர்ட்டைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்த வழக்கத்தைக் கம்பெனி அன்றோடு கைவிடுவதாகவும், இனி வெப்பமானி மட்டுமே என்றும் ஹாலம் அறிவித்தார்.

*

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் மீனாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவளுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தைகள் போதும். 'நாட் லுக்.'

"பாக்கலீங்களாண்ணா? பேசிட்டு இருந்தீங்களா? எங்க வூட்டுக்காரரு முன்னாடி கொதிக்கிற இரும்பு நிக்குது, நீங்க பேசிட்டு இருந்தீங்களா? என்ற வூட்ல வந்து உக்காந்து, என்ற கையால காப்பி வாங்கிக் குடிச்சீங்களே! அப்பக்கூடச் சொல்லலையே!" அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது. "அந்த ரெண்டு கண்ணு எதுக்குங்க உங்களுக்கு? அவிஞ்சு போகட்டும்!"

"மீனா..." சிவனேஸ்வரி ஓரடி முன்னால் வைத்தாள். "நீர் ஒண்டு விளங்கிக் கொள்ளோணும். அவர்..."

அரியரத்தினம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கிற அளவுக்கு அழுத்தினான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

மீனாம்பாள் கைப்பையைத் திறந்து பித்தளைச் சிமிழை எடுத்தாள். "அக்காவுக்குக் குடுக்கலாம்னு கொண்டுட்டு வந்தேன். எனக்கு இனி எதுக்குங்க? பேரூர்க் குங்குமம், நல்ல குங்குமம், வெச்சுக்கட்டும்னு நினைச்சேன்." மூடியைத் திருகினாள். "உங்க வூட்டுக்குக் குடுக்க இப்ப மனசு வரலீங்க."

சாலையோரத்து ஓடைத் தண்ணீரில் சிமிழைக் கவிழ்த்தாள். வெறும் சிமிழைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

தண்ணீரில் விழுந்த பொடி ஒரு கணம் அப்படியே மிதந்தது. சுட்ட காவியின் நிறமில்லை அது. செங்கல் நிறமில்லை. அதைவிடச் சற்று அதிகமான சிவப்பு. அரியரத்தினம் குனிந்து, கண்ணிமைக்காமல் பார்த்தான். பிறகு மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு சாக்கடைக் கம்பிகளுக்குள் இறங்கியது.

"அதுவோ?" என்றாள் சிவனேஸ்வரி. கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவளும் அவன் பக்கத்தில் குனிந்தாள். "அண்டைக்கு அதையோ கண்டனீங்கள்?"

"ஓம்" என்றான் அவன். "அதைத்தான் கண்டனான்."